லேடி ரஸ்ஸல் சொன்ன புத்திமதி

கல்யாண விஷயத்தில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதியை வைத்து எழுதப்பட்ட நாவல்களுக்கு எந்தப் பாஷையிலும் குறைவில்லை. பெரும்பாலானவற்றில் அந்தப் பெரியவர் பணத்தாசை பிடித்தவராக இருப்பார். அல்லது குலப்பெருமை பேசியே காலத்தைக் கழிப்பவராக இருப்பார். இரண்டும் இல்லாவிட்டால் வீட்டில் ஒரு சித்தி இருப்பாள். இப்படி ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் ஆசிரியருக்கு வேலை சுலபம். யோசனை சொல்கிறவர் கெட்டவர். ஆகவே யோசனையும் கெட்டது. ஆகவே பெண் அதை மீறியது சரி. வாசகரும் நிம்மதியாகப் புஸ்தகத்தை மூடிவிடலாம்.

யோசனை சொல்பவர் நல்லவராக இருந்தால் என்ன செய்வது? பெண்ணிடம் உயிரை வைத்திருப்பவர், நாலும் தெரிந்தவர், தமக்கென்று அதில் ஒரு காசு லாபமும் இல்லாதவர். அப்படியும் அவர் சொன்னது தப்பாகப் போய்விடுகிறது. அப்போது அந்தப் பெண் அதைக் கேட்டது தப்பா?

ஜேன் ஆஸ்டினின் 'பர்ஸுவேஷன்' இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆஸ்டின் என்றவுடன் நம்மவர்களுக்கு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நினைவுக்கு வரும். கல்லூரியில் பாடமாக வைத்தால் வேறு வழியில்லை. சினிமா பார்ப்பவர்களுக்கு, 2000-ம் வருஷத்தில் ராஜீவ் மேனன் எடுத்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' மூலமாக 'ஸென்ஸ் அண்ட் ஸென்ஸிபிலிடி'யின் கதை தெரியும். 'பர்ஸுவேஷன்' அப்படிப் பலர் கையில் புரண்ட புஸ்தகம் அல்ல. ஆசிரியை 1817-ம் வருஷம் ஜூலை மாதம் தமது 41-வது வயதில் காலமானார். அந்த வருஷக் கடைசியில்தான் இது அச்சாகி வெளிவந்தது. தலைப்பே அவர் வைத்ததல்ல, அண்ணன் ஹென்றி வைத்தது என்று சொல்வார்கள். யார் வைத்தாலும் பொருத்தமான தலைப்பு. ஒருவரைப் பேசிப் பேசி நம் வழிக்குக் கொண்டுவருவது என்று அதற்கு அர்த்தம். கட்டாயப்படுத்துவது வேறு, இது வேறு. கட்டாயப்படுத்தப்பட்டவன் பிற்பாடு மற்றவர்மேல் பழியைப் போடலாம். பேச்சுக்கு இணங்கியவனுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

கதை சிறியது. ஸாமர்ஸெட் ஜில்லாவில் கெல்லிஞ்ச் மாளிகை. அதன் சொந்தக்காரர் ஸர் வால்டர் எலியட். தம் வம்சத்தின் பெயர் அச்சடித்திருக்கும் பிரபுக்கள் ஜாபிதாவைத் தவிர வேறு புஸ்தகம் படிக்காதவர். அறை முழுவதும் நிலைக்கண்ணாடி வைத்துக்கொண்டு தம்மையே பார்த்துக்கொண்டிருப்பவர். மனைவி இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. மூன்று பெண்கள். நடுப்பெண் ஆன். அவளுக்கு 19 வயசாக இருந்தபோது, 1806-ம் வருஷத்தில், பிரடெரிக் வென்ட்வொர்த் என்ற கப்பற்படை உத்தியோகஸ்தன் அந்தப் பக்கம் வந்தான். அடுத்த கிராமத்தில் பாதிரியாராக இருந்த தன் சகோதரனுடன் தங்கினான். இருவருக்கும் பிரியம் உண்டாயிற்று, வாக்கும் கொடுத்துக்கொண்டார்கள். ஆனால் அவனுக்குச் சொத்து இல்லை, சிபாரிசு இல்லை. தன்மேல் உள்ள நம்பிக்கை ஒன்றுதான் இருந்தது. அது வேண்டிய மட்டும் இருந்தது.

இந்த இடத்தில் தகப்பனார் செய்ததைக் கவனிக்க வேண்டும். ஸர் வால்டர் கூடாது என்று சொல்லவேயில்லை. ஆச்சரியப்பட்டார், முகத்தைச் சுளித்தார், அப்புறம் மௌனமாகிவிட்டார். இந்தப் பெண்ணுக்குத் தம் கையிலிருந்து எதுவும் கிடைக்காது என்பதை மட்டும் தெரியப்படுத்தினார். இங்கிலாந்தில் 1753-ம் வருஷத்துச் சட்டப்படி 21 வயசு நிரம்பாத பெண் லைசென்ஸ் பெற்றுக் கல்யாணம் செய்துகொள்ளத் தகப்பனாரின் சம்மதம் வேண்டும். அவர் அந்தச் சட்டத்தைத் தொடக்கூட இல்லை. மௌனமே போதுமானதாக இருந்தது. 'நான் என்ன சொல்ல இருக்கிறது, உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளும் தகப்பனார்களை அறிந்தவர்களுக்கு ஸர் வால்டர் அந்நியராகத் தோன்றமாட்டார். ஆனால் ஆன் தகப்பனாரின் கோபத்தைத் தாங்கியிருப்பாள் என்று ஆஸ்டின் தெளிவாகவே சொல்லுகிறார். அவளை அசைத்தது லேடி ரஸ்ஸல்.

லேடி ரஸ்ஸல் காலஞ்சென்ற தாயாரின் சிநேகிதி, விதவை, வசதியுள்ளவள், பக்கத்திலேயே வீடு. தாயார் போன பிறகு அந்த வீட்டில் ஆனை ஒரு மனுஷியாக மதித்தவள் இவள் ஒருத்திதான். நம் வீடுகளில் பெரியம்மா என்று கூப்பிடுவோமே, அந்த ஸ்தானம். படித்தவள், நிதானமானவள். அந்தஸ்தைப் பற்றிக் கொஞ்சம் பிரமை உண்டு, அது அவள் காலத்துக் குறை. அவள் ஆனிடம் சொன்னது இதுதான்: கையில் காசில்லாத கடற்படைக்காரனுக்காகக் காத்திருப்பது வருஷக்கணக்கில் நீளும், யுத்த காலம், அவன் திரும்பி வருவானோ மாட்டானோ, உன் இளமை அதிலே கரைந்துபோகும். இதோடு இன்னொன்றும் ஆனின் மனசில் பதிந்தது: இந்தப் பந்தம் அவனுக்கும் ஒரு சுமைதான், அவனை விடுவிப்பது அவன் நன்மைக்கே. சுயநலத்துக்காக ஒருத்தி தன் காதலைக் கைவிடச் சம்மதிக்கமாட்டாள். அவனுடைய நன்மைக்கு என்று சொன்னால் சம்மதித்துவிடுவாள். புத்திமதி சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த வழி தெரியும்.

இதை வெறும் பயங்கொள்ளித்தனமான யோசனை என்று தள்ளிவிட முடியாது. ஆஸ்டினின் சொந்த அக்காள் காஸண்ட்ராவுக்கு டாம் பௌல் என்ற பாதிரியாரோடு நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளப் போதுமான வருமானம் இல்லாமல் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அவர் ஒரு பிரபுவின் படையோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பாதிரியாராகப் போனார். 1797-ல் அங்கே மஞ்சள் ஜுரத்தில் இறந்துபோனார். காஸண்ட்ரா பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தங்கை ஜேன் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். ஆகையால் லேடி ரஸ்ஸல் வாயில் அவர் வைத்த வாதம் வெறும் கட்சிப் பேச்சாக இருக்க முடியாது. அந்த வீட்டில் நடந்துபோன விஷயம் அது.

இந்தக் குடும்பத்தில் கல்யாண புத்திமதியின் சரித்திரம் இன்னும் பழசு. அதில் ஒரு அத்தியாயம் நம் கடலூரில் நடந்தது. ஆஸ்டினின் தகப்பனாருக்கு பிலடெல்பியா என்று ஒரு அக்காள். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவள். லண்டனில் தொப்பி தைக்கும் கடையில் வேலை பழகினாள். சீர் கொடுக்க யாரும் இல்லாத பெண்களுக்கு அந்நாளில் சொல்லப்பட்ட வழி ஒன்று உண்டு: இந்தியாவுக்குக் கப்பல் ஏறு, கம்பெனி உத்தியோகஸ்தர்களில் எவராவது கிடைப்பார். 1752-ல் அவள் சென்னைப்பட்டணத்தில் வந்து இறங்கினாள். மறு வருஷமே கடலூரில், கம்பெனியாரின் வைத்தியரான ஹான்காக் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஜேன் ஆஸ்டின் பெண்ணாக இருந்தபோது எழுதி முடிக்காமல் விட்ட ஒரு கதையிலும், உறவினர்கள் ஒரு அநாதைப் பெண்ணை இப்படித்தான் வங்காளத்துக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே அவளுக்கு நல்ல வரன் கிடைத்துவிட்டது என்று ஊரில் ஒருத்தி மெச்சிக்கொள்கிறாள்; கதாநாயகிக்கு அது பொறுக்கவில்லை. ஆஸ்டின் எவ்வளவு சின்ன வயசிலேயே இந்த விஷயத்தை எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன்.

நாவலுக்கு வருவோம். ஆன் இணங்கிவிட்டாள். வென்ட்வொர்த் மனம் கசந்து போய்விட்டான். கதை உண்மையில் தொடங்குவது அதற்கு எட்டு வருஷம் கழித்து, 1814-ல். ஆனுக்கு 27 வயசு. முகத்தின் களை போய்விட்டது. ஸர் வால்டருக்குக் கடன் கழுத்தை நெரிக்கிறது. லேடி ரஸ்ஸல் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒரு சிக்கனத் திட்டம் போட்டுக் கொடுக்கிறாள். மிக நல்ல திட்டம். ஸர் வால்டர் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பாத் நகரத்துக்குப் போய்விடுகிறார். ஆஸ்டினின் நையாண்டி இப்படி ஓசையில்லாமல்தான் வரும். யாருக்குப் புத்திமதி அவசியமோ அவரிடம் அது செல்லவில்லை. கேட்கும் சுபாவம் உள்ள பெண்ணின் வாழ்க்கையைத்தான் அது திருப்பிவிட்டது.

மாளிகையை வாடகைக்கு எடுப்பவர் அட்மிரல் கிராப்ட். அவர் மனைவி வென்ட்வொர்த்தின் கூடப்பிறந்தவள். ஆகவே வென்ட்வொர்த் வருகிறான். இப்போது காப்டன், எதிரிக் கப்பல்களைப் பிடித்த பங்கில் 25,000 பவுன் சேர்த்துவிட்டான். லேடி ரஸ்ஸலின் கணக்கு ஒவ்வொன்றும் பொய்த்துப்போயிற்று.

சாதாரண ஆசிரியராக இருந்தால் இங்கேயே தீர்ப்பு எழுதியிருப்பார். ஆஸ்டின் எதிர்க்கட்சியையும் சோதனைக்கு உட்படுத்துகிறார். பிறர் பேச்சுக்கு இணங்கும் பெண்ணால் சூடு பட்ட வென்ட்வொர்த் இப்போது பிடிவாதமுள்ள பெண்ணைத் தேடுகிறான். லூயிஸா மஸ்குரோவ் கிடைக்கிறாள். அவளுடைய சகோதரி ஹென்ரியட்டா, வசதி குறைந்த ஒருவனைப் பார்க்கப் போகலாமா வேண்டாமா என்று தயங்குகிறாள். லூயிஸா அவளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைக்கிறாள். பிறகு, யார் என்ன சொன்னாலும் நான் எடுத்த முடிவிலிருந்து நகரமாட்டேன் என்று வென்ட்வொர்த்திடம் பெருமை பேசுகிறாள். அவன் ஒரு கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, மற்றவையெல்லாம் உதிர்ந்து மிதிபட்டபோதும் உறுதியாக நின்ற கொட்டை இது என்று ஒரு பிரசங்கமே செய்துவிடுகிறான். வேலிக்கு அந்தப்புறம் உட்கார்ந்து ஆன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இதில் ஒரு வேடிக்கை. யார் பேச்சுக்கும் வசப்படமாட்டேன் என்று சொல்பவள், அந்தக் கணம்வரை சகோதரியைத் தன் பேச்சுக்கு வசப்படுத்திக்கொண்டிருந்தவள். வென்ட்வொர்த்துக்கு இது படவில்லை. கொட்டைக்கு மூளை கிடையாது என்பதும் அவனுக்குப் படவில்லை.

அப்புறம் லைம் துறைமுகத்தில் கல்படியிலிருந்து குதிக்கிறாள் லூயிஸா. வேண்டாம் என்று அவனே சொல்லுகிறான். நான் தீர்மானித்துவிட்டேன் என்கிறாள். விழுந்து மண்டையில் அடிபட்டு நினைவிழக்கிறாள். ஆண்பிள்ளைகள் எல்லாரும் திகைத்து நிற்கும்போது என்ன செய்யவேண்டும் என்று சொல்வது ஆன்தான். இந்தக் காட்சி கொஞ்சம் அழுத்தமாகப் போடப்பட்ட பாடம் என்று ஒரு குறை சொல்வதுண்டு. எனக்கும் அந்தக் குறை படுகிறது. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் யாருடைய சுபாவம் எப்படி வெளிப்படுகிறது என்பதை எழுதியிருக்கும் விதத்தில் பாடம் மறந்துபோகிறது.

எனக்கு இந்த நாவலில் மிகவும் பிடித்த பாத்திரம் ஸ்ரீமதி கிராப்ட். பார்த்த கொஞ்ச நாளிலேயே கல்யாணம் செய்துகொண்டவள். புருஷனோடு கப்பலிலேயே குடித்தனம் நடத்தி, நாலு முறை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து, கிழக்கிந்தியப் பக்கமும் ஒருமுறை வந்து போனவள். புருஷனை விட்டுக் கரையில் தங்கியிருந்த ஒரு குளிர்காலத்தைத் தவிர எனக்கு உடம்புக்கு எதுவும் வந்ததில்லை என்று சொல்பவள். அட்மிரல் வண்டி ஓட்டும்போது கம்பத்தில் மோதப்போகும் சமயம் பார்த்து லகானை லேசாகத் திருப்பிவிடுவாள். அவரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளமாட்டார். நாவலில் உள்ள நல்ல தாம்பத்தியம் அது. அந்தத் தைரியசாலியான ஸ்திரீ கடைசிக்குச் சற்று முன்னால், ஒரு ஹோட்டல் அறையில், இன்னொரு அம்மாளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறாள். காசு கொஞ்சமாக இருந்தாலும் உடனே கல்யாணம் செய்துகொண்டு கஷ்டப்படட்டும், அது தேவலை; ஆனால் எப்போது கல்யாணம் ஆகும் என்றே தெரியாமல் வாக்குக் கொடுத்துக்கொள்வதைப் பெற்றவர்கள் தடுக்கத்தான் வேண்டும் என்கிறாள்.

ஆன் அதைக் கேட்டுத் திடுக்கிடுகிறாள். மேஜையில் எழுதிக்கொண்டிருந்த வென்ட்வொர்த்தின் பேனா நின்றுவிடுகிறது. எட்டு வருஷத்துக்கு முன் லேடி ரஸ்ஸல் சொன்னதைத்தான், அவனுடைய சொந்தச் சகோதரி, சுதந்தரத்தின் உருவமாக நிற்கும் அந்த ஸ்திரீ, யாரையும் நினைக்காமல் சொல்லுகிறாள்.

இந்தக் காட்சி முதலில் நாவலில் இல்லை. ஆஸ்டின் 1816 ஜூலையில் ஒரு முடிவு எழுதி வைத்தார். அதில் அட்மிரலின் தூண்டுதலால் வென்ட்வொர்த் ஆனிடம் ஒரு சங்கடமான செய்தியைக் கேட்க வருகிறான். குட்டு வெளிப்பட்டு இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். ஆசிரியைக்கு அது திருப்தியாக இல்லை. மனச்சோர்வோடு படுக்கப் போனார், மறுநாள் தெளிவோடு எழுந்தார் என்று அவர் குடும்பத்தார் எழுதியிருக்கிறார்கள். பழைய அத்தியாயத்தைத் தள்ளிவிட்டு ஹோட்டல் காட்சியைப் புதிதாக எழுதினார். தள்ளப்பட்ட தாள்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அச்சான அவருடைய நாவல்களில் கையெழுத்துப் பிரதி என்று மிஞ்சியிருப்பது அதுதான். விமரிசகர்கள் இந்தத் திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது, ஆணின் நிலையுறுதியா பெண்ணின் நிலையுறுதியா என்று ஆனும் காப்டன் ஹார்வில்லும் செய்யும் விவாதத்தையும், அதைக் கேட்டுக்கொண்டே வென்ட்வொர்த் எழுதும் கடிதத்தையும் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் ஸ்ரீமதி கிராப்டின் பேச்சும் அதே திருத்தத்தில் வந்தது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. காதலர்களைச் சேர்த்துவைக்கப் போகும் தறுவாயில், அவர்களைப் பிரித்த யோசனைக்குச் சாதகமாக மிக நல்ல சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் ஆசிரியை. நாவலாசிரியர்களுக்கு இந்த நியாய புத்தி அபூர்வமாகத்தான் வாய்க்கிறது.

லேடி ரஸ்ஸல் ஒரு தடவை தவறினவள் மட்டுமல்ல. ஆனுக்கு 22 வயசானபோது மஸ்குரோவ் வீட்டு மூத்த பிள்ளை அவளைக் கேட்டான். 19 வயசில் இன்னும் பெரிய இடமாகப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கக் கூடிய லேடி ரஸ்ஸல், இப்போது அந்தத் தகப்பனார் வீட்டிலிருந்து பெண் வெளியேறினால் போதும் என்று ஆசைப்பட்டாள். பெண்ணின் வயசு ஏற ஏற வரனுக்கு வைத்திருக்கும் அளவுகோல் இறங்குவது ஸாமர்ஸெட்டுக்கும் பொதுதான். ஆனால் இந்தத் தடவை ஆன் யோசனை கேட்கவேயில்லை. மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முதல் இணக்கத்துக்குப் பின் அவளுக்குள் என்ன நடந்தது என்பதை இந்தச் சின்னச் செய்தி காட்டிவிடுகிறது. அவன் அப்புறம் அவள் தங்கை மேரியைக் கட்டிக்கொண்டு அவஸ்தைப்படுகிறான்.

மூன்றாவது யோசனைதான் மோசமானது. ஸர் வால்டரின் வாரிசான வில்லியம் எலியட் பாத் நகரத்தில் வந்து சேருகிறான். பேச்சிலும் நடத்தையிலும் ஒரு பழுது இல்லை. லேடி ரஸ்ஸலுக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆன் அவனைக் கட்டிக்கொண்டு, தாயார் இருந்த இடத்தில், கெல்லிஞ்ச் மாளிகையில் எஜமானியாக வாழவேண்டும் என்று தன் ஆசையைச் சொல்லுகிறாள். இறந்துபோன தாயாரின் பெயரை எடுக்கிறாள். ஆன் எழுந்து தூர இருக்கும் ஒரு மேஜைக்குப் போய்ச் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அவளை அந்தக் கணம் அசைத்தது எலியட் அல்ல, அம்மாவின் இடம். புத்திமதியில் உள்ள அபாயமான சக்தி எதுவென்று ஆஸ்டினுக்குத் தெரிந்திருக்கிறது. வாதத்துக்குப் பதில் சொல்லலாம். வாஞ்சைக்கு என்ன பதில்?

ஆன் தெளிந்துவிடுகிறாள். அந்த மனிதனிடம் வெளிப்படையான மனசு இல்லை, எல்லாருக்கும் பொதுவாக இனிமையாக இருக்கிறான் என்று அவளே கண்டுபிடித்து மனசில் விலக்கியும்விட்டாள். இதோடு விட்டிருக்கலாம். ஆசிரியை அங்கே விடவில்லை. ஸ்ரீமதி ஸ்மித் என்ற நோயாளிச் சிநேகிதி ஒரு பழைய கடிதத்தை எடுத்துப் போட்டு எலியட் ஒரு அயோக்கியன் என்று நிரூபிக்கிறாள். நாவலின் பலவீனமான பகுதி இது. ஆனின் கண் ஏற்கெனவே பார்த்துவிட்டதற்குப் பத்திரச் சாட்சி எதற்கு? எலியட் அயோக்கியனாக இல்லாமல் வெறும் வழுவழுப்பானவனாகவே இருந்திருந்தால், லேடி ரஸ்ஸலின் யோசனைக்கும் ஆனின் உணர்வுக்கும் நடக்கும் போராட்டம் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். உடல்நலம் குன்றியிருந்த காலத்தில் திருத்தியது. இன்னும் அவகாசம் இருந்தால் இதையும் மாற்றியிருப்பாரோ என்னவோ. ஆனால் அந்த இடத்திலும் ஒரு வரி நிஜமானது வருகிறது: லேடி ரஸ்ஸல் வற்புறுத்தியிருந்தால் தான் இவனுக்கு இணங்கியிருக்கவும் கூடும் என்று ஆன் தனக்குத்தானே ஒப்புக்கொண்டு நடுங்குகிறாள். 27 வயசுப் பெண். ஒருமுறை அடிபட்டவள். அப்படியும் தன்னைப் பற்றி அவளுக்கு நிச்சயமில்லை.

வென்ட்வொர்த்தோடு சேர்ந்த பிறகு ஆன் சொல்லும் தீர்ப்புதான் பல வாசகர்களுக்கு, முக்கியமாக இக்காலத்து வாசகர்களுக்குச் சங்கடம் தருவது. லேடி ரஸ்ஸல் சொன்னது தப்பான யோசனை. அதே நிலையில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். ஆனாலும் நான் அதற்கு உட்பட்டது சரி. தாயார் ஸ்தானத்தில் இருந்தவள் சொன்னதை மீறியிருந்தால், இப்போது பட்டதைவிட அதிகமாகப் பட்டிருப்பேன்; மனசாட்சி உறுத்தியிருக்கும். இதுதான் அவள் சொல்வதன் சாரம். இதைக் கோழைத்தனத்துக்குப் பூசிய முலாம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். பெண்களை அடக்கிவைக்கும் பழைய கதைதான் என்றார் இன்னொருவர்.

நான் அப்படி நினைக்கவில்லை. ஆன் இங்கே இரண்டு கேள்விகளைப் பிரிக்கிறாள். யோசனை நல்லதா என்பது ஒன்று. அப்போதைய நிலையில், அப்போது தெரிந்ததை வைத்துக்கொண்டு, நான் நடந்துகொண்ட விதம் நேர்மையானதா என்பது வேறொன்று. முதலாவதைப் பின்னால் நடந்தது தீர்மானிக்கிறது. வென்ட்வொர்த் கடலில் மூழ்கிப் போயிருந்தால் லேடி ரஸ்ஸல் தீர்க்கதரிசியாகியிருப்பாள். இரண்டாவதைப் பின்னால் நடந்தது தொடவே முடியாது. எட்டு வருஷம் நஷ்டப்பட்ட ஒருத்தி, தன் நஷ்டத்தையே சாட்சியாக வைத்து மற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் இருப்பதற்குக் கோழைத்தனம் போதாது. மேலும், அவள் அந்த யோசனையை நியாயப்படுத்தவில்லை என்பதை நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறாள்.

அதற்கு வென்ட்வொர்த் கொடுக்கும் பதில் இன்னும் முக்கியமானது. லேடி ரஸ்ஸலைவிடப் பெரிய சத்துரு எனக்கு ஒருவர் உண்டோ என்று யோசித்தேன் என்கிறான், நானேதான் என்கிறான். 1808-ம் வருஷத்தில் கையில் சில ஆயிரம் பவுனோடு கரைக்கு வந்து புதுக் கப்பலுக்குத் தலைவனானேனே, அப்போது ஒரு கடிதம் போட்டிருந்தால் பதில் எழுதியிருப்பாயா என்று கேட்கிறான். ஆன் சொல்லும் பதில் இரண்டே சொல். ஆறு வருஷம் வீணாய்ப்போனது லேடி ரஸ்ஸலால் அல்ல. முதல் இரண்டு வருஷத்துக்கு அவள் ஜவாப்தாரி; மீதி ஆறும் அவனுடைய ரோஷத்தின் கணக்கு. கதை முழுவதும் 'அவள் பிறர் பேச்சைக் கேட்டாள்' என்று குறை சொல்லிக்கொண்டிருந்தவன் தன் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததன் விலை இது. குடும்பத்தின் புத்திமதியால் கெட்டவர்கள் என்று நாம் நினைக்கும் எத்தனையோ பேர் கதையில் இந்த இரண்டாவது கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆஸ்டினுக்கு இவ்வளவு நியாயம் எங்கிருந்து வந்தது? 1802-ல் மேனிடௌன் என்ற பெரிய எஸ்டேட்டின் வாரிசு அவரைக் கேட்டார்; குடும்பங்களுக்குள் நீண்ட கால சிநேகம். மாலையில் சரி என்றவர் மறுநாள் காலையில் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டார். இதை எல்லா ஜீவிய சரித்திரக்காரர்களும் எழுதுகிறார்கள். நான் பெரிசாக நினைப்பது வேறொன்று. 1814 நவம்பரில், அவருடைய அண்ணன் மகள் பானி நைட் அத்தைக்கு எழுதி யோசனை கேட்டாள். 21 வயசு. ஜான் பிளம்ட்ரி என்ற நல்ல குணமுள்ள இளைஞனுக்கு இடம் கொடுத்துவிட்டாள், இப்போது மனசு குளிர்ந்துவிட்டது, என்ன செய்வது? அத்தை முதல் கடிதத்தில் அவனுடைய குணங்களை எல்லாம் எடுத்துச் சொல்லி, அவன் பக்கம் சாய்ந்து எழுதிக்கொண்டே போய், நடுவில் திரும்பி, பிரியமில்லாமல் மட்டும் கல்யாணம் செய்துகொள்ளாதே என்கிறார். சில நாளில் இன்னொரு கடிதம். அவன் சொந்தக்காலில் நிற்க எத்தனை வருஷமாகுமோ, அவ்வளவு காலம் காத்திருக்க உன் பிரியம் தாங்காது என்று பயப்படுகிறேன் என்று எழுதுகிறார். லேடி ரஸ்ஸலின் வாதமேதான்! உடனே, என் அபிப்பிராயத்தின்மேல் எதையும் தீர்மானிக்காதே, உன் மனசுதான் தீர்மானிக்க வேண்டும் என்று பதறுகிறார். தன் சொல்லுக்கு அந்தப் பெண்ணிடம் உள்ள பலத்தைப் பார்த்து அவருக்கே பயம் வந்துவிட்டது.

பானி அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டாள். 1820-ல், அத்தை இறந்து மூன்று வருஷம் கழித்து, மனைவியை இழந்த, குழந்தைகள் உள்ள ஒரு பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஆஸ்டின் 'பர்ஸுவேஷன்' எழுதத் தொடங்கியது 1815 ஆகஸ்டில்; அந்தக் கடிதங்கள் எழுதி ஒன்பது மாதத்துக்குள். லேடி ரஸ்ஸலை அவர் பரிகசிக்காமல் விட்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் லேடி ரஸ்ஸலுக்கு ஆசிரியை விதிக்கும் தண்டனை மிகச் சிறியது. தான் இரண்டு பேரையும் தப்பாக எடைபோட்டதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த வயசில் புது அபிப்பிராயங்களை வளர்த்துக்கொள்ள வேண்டும். அவள் செய்கிறாள். ஆனிடம் வைத்த பிரியம் தன் கெட்டிக்காரத்தனத்தின்மேல் வைத்த பிரியத்தைவிடப் பெரிசு என்பதால் அது அவளால் முடிகிறது. ஸர் வால்டருக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. மாப்பிள்ளையின் முகம் பகல் வெளிச்சத்திலும் நன்றாக இருக்கிறது என்பதில் அவருக்குப் பரம திருப்தி.

அதற்கு முன்னால் பாத் நகரத்து வீதியில் ஒரு காட்சி. லேடி ரஸ்ஸலும் ஆனும் வண்டியில் போகிறார்கள். எதிரே நடைபாதையில் வென்ட்வொர்த் வருகிறான். லேடி ரஸ்ஸலின் கண்கள் அந்தப் பக்கமே நிலைத்திருக்கின்றன. எட்டு வருஷம் வெயிலிலும் கடலிலும் இருந்தும் இவன் இவ்வளவு அழகாக இருக்கிறானே என்று அவள் வியந்துகொண்டிருப்பாள் என்று ஆன் நினைத்துக்கொள்கிறாள். நிமிர்ந்து பார்க்கவும் தைரியமில்லை. கடைசியில் லேடி ரஸ்ஸல் தலையைத் திருப்பிச் சொல்லுகிறாள்: இந்த வீதியில் ஒரு வீட்டு ஜன்னல் திரைச்சீலைகள் ரொம்ப அழகு என்று சிநேகிதிகள் சொன்னார்கள், அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், எந்த வீடு என்று தெரியவில்லை. ஆன் பெருமூச்சு விடுகிறாள், முகம் சிவக்கிறாள், சிரித்துக்கொள்கிறாள். லேடி ரஸ்ஸல் நிஜமாகவே திரைச்சீலையைத்தான் தேடினாளா என்பதை ஆஸ்டின் சொல்லவில்லை. நாலைந்து தடவை படித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறது.